அரிப்பும் வேதனைதான், அதுக்கு மருந்து கொடுக்கிறது சோம்பேறித்தனம் இல்ல

ஞாயித்துக்கிழமை நான் போட்ட எங்க லேப்ரடார் நாய் ஜூலி போட்டோவுக்குக் கீழ கமெண்ட்ல நடந்ததை நிறைய பேர் பாத்திருப்பீங்க. அங்கேயே பதில் சொல்லி சண்டையாக்க வேணாம்னு விட்டுட்டேன், ஆனா இன்னும் மனசு ஆறல. "தினமும் மாத்திரையக் கொடுத்து நாயக் கொஞ்சம் கொஞ்சமா கொல்றீங்க, எல்லாம் உங்க சௌகரியத்துக்கு"ன்னு ஒருத்தர் எழுதுறார், அதுக்கு ஹார்ட் போட ஒரு கூட்டம்.

யாரோட சௌகரியம்ங்க? ஜூலிக்கு இருக்கிறது அட்டோபிக் டெர்மடைடிஸ், அதாவது அலர்ஜியால வர்ற தோல் நோய். வீட்டுத் தூசியில இருக்கிற மைட்ங்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பூஞ்சை, மகரந்தம்னு மத்த நாய்க்கு ஒண்ணும் பண்ணாத விஷயத்துக்கெல்லாம் இவ உடம்பு சண்டைக்குப் போகும். லேப்ரடார், பக் மாதிரி ப்ரீட்ல இது அதிகம். இது ஒரு கோர்ஸ் மருந்துல போயிடுற நோய் கிடையாது, ஆயுசுக்கும் கட்டுப்பாட்டுல வச்சுக்கணும். இத எத்தனை தடவை சொன்னாலும் "இன்னுமா சரியாகல?"ன்னு கேக்குறீங்க. சரியாகாதுங்க. கட்டுப்பாட்டுல இருக்கா, அவ நிம்மதியா தூங்குறாளா, அதுதான் கேள்வி.

அரிப்புன்னா என்னன்னு பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ராத்திரி முழுக்க பாதத்த நக்கி நக்கி, விரலுக்கு நடுவுல வெள்ளை முடியெல்லாம் எச்சில் பட்டு துரு நிறத்துக்கு மாறிடும். அக்குள்ல தோல் கறுத்து தடிச்சு யானைத்தோலாட்டம் ஆயிடுச்சு. காதுக்குள்ள ஈஸ்ட்ங்கிற பூஞ்சை வச்சு ஒரு புளிச்ச வாடை. சொறிய ஆரம்பிச்சா காலர்ல இருக்கிற வில்லை டிங் டிங்னு விடியற வரைக்கும் அடிக்கும், கூப்பிட்டா ஒரு நிமிஷம் நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாப்பா, மறுபடியும் ஆரம்பிப்பா. இதுல மழைக்காலம் வந்தா சென்னை ஈரத்துக்கு இன்னும் மோசம். இந்தப் புள்ளைக்கு மருந்து கொடுக்கிறது என் சௌகரியமா?

"நாங்கல்லாம் வேப்பெண்ணெய் தடவியே வளத்தோம்"னு சொல்றவங்களுக்கு: ஏற்கெனவே ஈஸ்ட் புடிச்ச தோலுங்க அது. அந்த ஈஸ்ட் கொழுப்ப தின்னு வளர்றது, அது மேலயே எண்ணெயத் தேச்சா என்ன ஆகும்? நாங்க குளோர்ஹெக்ஸிடின்ங்கிற கிருமிநாசினி கலந்த ஷாம்பு போட்டு, பத்து நிமிஷம் ஊறவிட்டு கழுவுறோம். அந்தப் பத்து நிமிஷமும் நனைஞ்ச லேப்ப பாத்ரூம்ல புடிச்சு நிறுத்திப் பாருங்க, அப்புறம் சோம்பேறின்னு சொல்லுங்க.

"சாப்பாட்ட மாத்துங்க" — மாத்தினோம். சிக்கன், பால், கோதுமை எல்லாம் நிறுத்தி, அவ முன்ன சாப்பிடாத ஒரே ஒரு புரதத்த மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பாக்கணும், அதுதான் உணவு அலர்ஜி கண்டுபிடிக்கிற நம்பகமான வழி. உணவு அலர்ஜிக்குன்னு விக்கிற ரத்த டெஸ்ட்ட நம்ப முடியாதுன்னு தோல் டாக்டர்களே சொல்றாங்க. நடுவுல பாட்டி ஒரு மேரி பிஸ்கட் போட்டாலும் மறுபடி முதல்லேர்ந்து, பாட்டியோட அதுக்கு நடந்த சண்டை தனிக் கதை. எட்டு வாரமும் முடிச்சோம், அரிப்பு குறையல. உண்ணி, தெள்ளுக்கான மாத்திரையும் தவறாம போகுது. இதெல்லாம் பாத்து ஒதுக்கினதுக்கு அப்புறம்தான் அட்டோபிக் டெர்மடைடிஸ்னு முடிவாச்சு.

"ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டா முடிஞ்சுதே, சீப்பும் கூட"ன்னு ஒரு அண்ணா. முன்ன ஒரு கிளினிக்ல அதத்தான் போட்டாங்க, என்ன ஊசின்னு கேட்டதுக்குக்கூட "அலர்ஜி ஊசி"ன்னுதான் பதில். அரிப்பு டக்குனு நின்னுச்சு, உண்மைதான். கூடவே கிண்ணம் கிண்ணமா தண்ணி குடிச்சு ஹால் பூரா மூத்திரம், எவ்ளோ சாப்பிட்டாலும் பசி, மருந்து வேகம் போனதும் பழையபடி ரத்தம் வர சொறியல். ஸ்டீராய்டே தப்புன்னு சொல்லல, திடீர்னு கூடும்போது கொஞ்ச நாளைக்கு வேணும்தான், ஆனா அதையே வருஷக்கணக்கா கொடுத்தா சர்க்கரை, குஷிங்ஸ்ங்கிற ஹார்மோன் கோளாறுன்னு வேற வினை.

இப்போ தினமும் கொடுக்கிறது ஆப்போக்வெல்ங்கிற அரிப்பு மாத்திரை. 2013-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச மருந்து, அரிப்ப மூளைக்குக் கொண்டுபோற சிக்னல தடுக்குது. ஒரு வயசுக்குக் கீழ கொடுக்கக்கூடாது, பெரிய தொற்று இருந்தா கூடாது, நோய் எதிர்ப்பு குறையலாம், ஏற்கெனவே இருக்கிற கட்டி வளரலாம்னு மருந்துக் குறிப்புலயே எச்சரிக்கை இருக்கு. ஆமா, எனக்கும் தெரியும், நானும் படிச்சேன், பயந்தேன். அதனாலதான் ரத்தப் பரிசோதனை பண்றோம், குளிப்பாட்டும்போது விரலால தடவித் தடவி கட்டி இருக்கான்னு பாக்குறேன். "கேன்சர் வரும்"னு ஒரே வரில எழுதிட்டுப் போறவங்களுக்கு வேற என்ன சொல்லணும்னு தெரியல.

வேற மருந்து இல்லையான்னா, நோய் எதிர்ப்ப அடக்குற சைக்ளோஸ்போரின் வேலை செய்ய நாலஞ்சு வாரம் ஆகும், நிறைய நாய்க்கு முதல்ல வாந்தி. அரிப்புக்கு மாசத்துக்கு ஒரு தடவை போடுற லோகிவெட்மாப் ஊசி பாதுகாப்பானது, ஆனா டோஸ் எடைக்கு ஏத்த மாதிரி, லேப்புக்கு எவ்ளோ ஆகும்னு யோசிங்க. எது அலர்ஜின்னு டெஸ்ட் பண்ணி அதையே கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற இம்யூனோதெரபிதான் எனக்கு ஆசை, ஏன்னா அது ஒண்ணுதான் வேர்ல கை வைக்கிறது. பலன் தெரியவே ஒரு வருஷம் ஆகலாம், எல்லா நாய்க்கும் கேக்கவும் கேக்காது. அதுவரைக்கும் இவ சொறிஞ்சுக்கிட்டே இருக்கணுமா? அதுக்குத்தான் மாத்திரை. மறுபடியும் சொல்றேன், அரிப்பு ஒரு வேதனை, வேதனைக்கு மருந்து கொடுக்கிறது கொலை இல்ல.

"நாட்டு நாய் வாங்கியிருந்தா இந்தத் தொல்லை இல்ல"ன்னு ஒருத்தங்க. நாட்டு நாய்க்கும் அலர்ஜி வருதுங்க. சரி, வரலைன்னே வச்சுக்கிட்டாலும், அஞ்சு வயசுப் புள்ளைய இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? லிஃப்ட்ல இவளப் பாத்ததும் குழந்தைய இழுத்துக்கிட்டு "சொறி நாய், ஒட்டிக்கும்"ங்குறாங்க. அலர்ஜி ஒட்டாது. யாருக்கும் ஒட்டாது. இவளுக்கு அவங்க முகம் சுளிக்கிறது புரியாது, வாலாட்டிக்கிட்டே கிட்ட போறா, எனக்குத்தான் தொண்டை அடைக்குது.

முகம் தெரியாதவங்க எழுதினதுகூடப் பரவாயில்ல. அந்த கமெண்ட்டுக்கு ஹார்ட் போட்டதுல என் சித்தப்பா பையனும் இருக்கான். வீட்டுக்கு வந்தா ஜூலி முதல்ல ஓடுறது அவன்கிட்டதான். தம்பி, சந்தேகம்னா அக்காவுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லடா? டாக்டர் சீட்டு, ரத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கு. வா, வந்து உக்காந்து படி, அப்புறம் அந்த ஹார்ட்ட வச்சுக்கிறியா எடுக்கிறியான்னு நீயே முடிவு பண்ணு.