பழகாத கையில் துப்பாக்கி

போன வாரம் மன்னார்குடியில் ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுவரும் வண்டி ஒன்று நின்றிருந்தது. காவலுக்கு நின்ற தம்பிக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். இரட்டைக்குழல் துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, குழல் முனையில் இரண்டு கையையும் வைத்து, கைமேல் மோவாயைச் சாய்த்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

"தம்பி, முதல்ல தலையை எடுப்பா."

பதறி நிமிர்ந்தான். நான் பட்டாளத்தில் இருந்தவன் என்று சொன்னதும் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினான். இதுவரை ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லையாம். "கையில இருந்தா போதுங்க, எவனும் கிட்ட வரமாட்டான்னு சொல்லித்தான் குடுத்தாங்க." அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அனுப்பினார்களே, அவர்களை நினைத்துத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தொண்ணூறுகளில் வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி எடுத்தவன் நான். குண்டைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் வாரக்கணக்கில் வெறும் துப்பாக்கிதான். குழலின் மேல் ஒரு எட்டணாவை வைத்துவிட்டு டிரிக்கரை அழுத்தச் சொல்வார் உஸ்தாத், அதாவது பயிற்சி தருபவர். காசு விழக்கூடாது. விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், சிவப்புக் கொடி ஏறாமல், சுற்றிலும் ஆள் நிறுத்தாமல் ஒரு குண்டு வெடிக்காது. சுட்டு முடித்ததும் கோக்கா, அதாவது காலித் தோட்டாக்கூடு, எண்ணி ஒப்படைக்கவேண்டும். ஒருநாள் ஒன்று குறைந்தது. முப்பது பேரும் மண்டியிட்டு, பனி இறங்கும்வரை புல்லை விரலால் கோதித் தேடினோம். ஒரு வெறும் பித்தளைக் கூட்டுக்கு இவ்வளவா என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு அந்த உஸ்தாதை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

எனக்கு அடுத்த கட்டில் குடகுக்காரன். முதல்நாள் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் நாங்கள் டெல்டாப் பையன்கள் தோளில் வைத்துக் குறிபார்த்து நின்றோம். அவன் மட்டும் முனையை மண்ணைப் பார்த்துத் தாழ்த்தி, திறந்து, காலியா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். அவர்கள் வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி. செப்டம்பரில் கைல்போது பண்டிகைக்குத் துப்பாக்கியைப் பூவைத்துக் கும்பிட்டு, அப்புறம் தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி. குடவர்களுக்கு லைசன்ஸே வேண்டாம் என்று சட்டத்தில் விலக்கு இருக்கிறது. 2019இல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். கோழி நிற்கும் பக்கம் முனை திரும்பினாலே தாத்தா முதுகில் போடுவார் என்று அவன் சொல்வான். காவிரி பிறக்கிற ஊரில் துப்பாக்கி வீட்டுச் சாமான். அதனால் அதன் குணம் சின்ன வயதிலேயே தெரிகிறது. காவிரி கடலில் கலக்கிற நம் ஊரில் அரிவாள்தான் சாமிக்கு முன்னால் நிற்கிறது. துப்பாக்கியை நாம் பார்த்ததெல்லாம் திரையில்.

சண்டை என்றால் நம் மனசில் வருவதே வேறு. தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில் கோவில்வெண்ணி இருக்கிறதே, அந்த வெண்ணியில்தான் கரிகாலன் எறிந்த வேல் சேரன் மார்பில் பாய்ந்து முதுகு வழியாக வெளியே வந்தது. முதுகில் புண் பட்டுவிட்டதே என்று நாணி, சேரன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிரை விட்டான். அந்த ஊர் வெண்ணிக் குயத்தியார், ஜெயித்த கரிகாலனிடமே அவன் உன்னைவிட நல்லவன் என்று பாடினார். படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும், இப்போதும்தான். ஆனால் வேலுக்கு முன்னால் மார்பைக் காட்டிய அந்த நினைப்போடு ரேஞ்சுக்கு வந்தால் என்ன ஆகும்? தரையோடு படுத்து ஊர்ந்துபோகச் சொன்னபோது எங்களில் பாதிப்பேருக்கு வெட்கமாக இருந்தது. தலையைத் தூக்கித் தூக்கி உதை வாங்கினோம். படுப்பது கோழைத்தனம் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அது வளர்ப்பிலேயே ஊறியிருந்தது. இன்றைக்குப் பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி ஸ்டேட்டஸ் வைக்கிற பிள்ளைகளிடமும் அதையேதான் பார்க்கிறேன். ஆயுதத்தைக் கையில் எடுத்தாலே வீரம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

குண்டுக்கு மார்பும் முதுகும் ஒன்றுதான். ரைஃபிள் குண்டு இரண்டு கிலோமீட்டர் போயும் உயிரை எடுக்கும். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலைப் பக்கம் பசுமலைப்பட்டி சுடுதளத்தில் பயிற்சி நடந்தபோது, தளத்தைத் தாண்டிப் போன குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான். கொடியும் காவலும் உள்ள தளத்திலேயே இப்படி என்றால், கடைத்தெருவில், பஸ் ஸ்டாண்டில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சுடத் தெரியாத ஒருவனை நிறுத்துவது யாருக்குப் பாதுகாப்பு?

குடகுபோல நம் வீடுகளிலும் துப்பாக்கி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரவே கூடாது. ஆனால் வேலைக்காக ஒருவன் கையில் அதைக் கொடுத்தால், வருஷத்துக்கு ஒருமுறையாவது ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ச் சுடவைக்கவேண்டும். தோட்டாவுக்குச் செலவாகும், ஆகட்டும். லைசன்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்கவேண்டும் என்று 2016 ஆயுத விதிகளிலேயே இருக்கிறது. காகிதத்தில் இருப்பது அந்தத் தம்பியின் கைக்கு வரவேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அன்றைக்குக் கிளம்புமுன் அவனிடம், "நான் தொடமாட்டேன், நீயே திறந்து காலியான்னு பாரு" என்றேன். நெம்புகோல் எங்கே என்றே அவனுக்குத் தெரியவில்லை. விரலைக் காட்டினேன். கீழ்நோக்கிப் பிடித்துத் தள்ளினான். குழல் மடங்கித் திறந்தது. உள்ளே பித்தளையில் பச்சை பிடித்துப்போய் இரண்டு தோட்டாவும் இருந்தன. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு கை மோவாயைத் தடவிக்கொண்டிருந்தது.