கல்லூரி நூலகத்தில் மின்நூல்: சொத்தா, வாடகையா?

கல்லூரி நூலகங்களுக்கு மின்நூல் பொருந்துமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் தாளின் மணம், கண் எரிச்சல் என்பவற்றிலேயே விவாதம் சுற்றிச் சுற்றி வந்து நின்றுவிடுகிறது. நூலகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரியும் கேள்வி, பணம் கட்டிய பிறகு அந்த நூல் யாருடையது என்பதுதான்.

அச்சு நூல் ஒன்று, வாங்கிய நூல்களைக் குறித்துவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பதிப்பகமே மூடப்பட்டாலும் அது நூலகத்தின் சொத்து. சந்தா மின்நூல் அப்படியல்ல. 2022 ஆகஸ்ட் இறுதியில், மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு தொடங்கும் வேளையில், வைலி பதிப்பகம் தன் 1,379 நூல்களைப் நூலகங்களுக்கு மின்நூல் வழங்கும் புரோகுவெஸ்ட் நிறுவனத்தின் சந்தாத் தொகுப்பிலிருந்து விலக்கிக்கொண்டது. பாடத்திட்டத்தில் அந்நூல்களைச் சேர்த்திருந்த ஆசிரியர்கள் கொதித்தெழுந்த பிறகே அவை தற்காலிகமாகத் திரும்பின. 2025 பிப்ரவரியில் புரோகுவெஸ்டின் தாய் நிறுவனமான கிளாரிவேட், நூலகங்களுக்கு நூல்களை ஒருமுறை விலைக்கு விற்கும் முறையையே கைவிட்டுச் சந்தாவுக்கு மாறப்போவதாக அறிவித்தது. நூலகர்களின் எதிர்ப்பால் விற்பனையை நிறுத்தும் கெடுவை 2026 ஜூன் வரை நீட்டித்ததே தவிர, முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

இதனால் மின்நூலே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்கு மின்நூல்கள் கிடைக்கச் செய்ய நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தின் வழியாக, ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டும் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் மாணவர், தனக்கென வழங்கப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் திறக்க முடிகிறது. எந்தச் சிற்றூர்க் கல்லூரியும் தன் நிதியில் இதை எண்ணிப் பார்த்திருக்க முடியாது. ஆய்வு மாணவருக்கு ஒரு நூலில் ஓர் இயல் போதும் என்னும்போது, அச்சுப் பிரதிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதில் பொருளும் இல்லை.

சிக்கல் பாடநூலில்தான் தொடங்குகிறது. பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வகுப்பு முழுவதும் ஒரே நூலைத் தேடும். 'ஒரே நேரத்தில் ஒருவர்' என்ற உரிமத்தில் வாங்கிய மின்நூல் அப்போது அறுபது பேரில் ஒருவருக்குத்தான் திறக்கும். திறந்தாலும், கைப்பேசித் திரையில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளித் தள்ளிச் சமன்பாடுகளைப் படிக்க வேண்டும். மடிக்கணினி நம் மாணவர் எல்லோரிடமும் இருப்பதாக எண்ணிக்கொண்டு திட்டமிடுபவர்கள் ஒருமுறை நூலக மேசைகளைச் சுற்றி வந்து பார்க்கலாம். மாணவருக்குப் பாடநூல்களைக் கடன் தரும் புத்தக வங்கியில் பத்து அச்சுப் பிரதிகள் இருந்தால் அந்த வாரத்தை ஓரளவு சமாளித்துவிடலாம்.

தமிழ்வழி மாணவர் நிலை இன்னும் கடினம். சந்தாத் தொகுப்புகளில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில நூல்களே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. அரிய பதிப்புகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். ஆனால் வெறும் படமாக வருடப்பட்ட கோப்பில் 'மெய்ப்பாடு' என்று தட்டச்சு செய்து தேடினால் ஒன்றும் கிடைக்காது. பழைய எழுத்துருவில் உருவான கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறியீடுகள் வந்து விழுகின்றன. தேடும் வசதியே மின்நூலின் முதன்மையான பயன் என்னும்போது, அதுவும் இல்லாத கோப்பால் தமிழ் மாணவருக்கு என்ன மிச்சம்?

தர மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் எண்ணிக்கை காட்டுவதற்காகவே தொகுப்புகளை வாங்கும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எத்தனை நூல்கள் உள்ளன என்று கேட்பவர்கள், எத்தனை திறக்கப்பட்டன என்ற பயன்பாட்டு அறிக்கையைக் கேட்பது அரிது.

என் நிலைப்பாடு இது: ஆய்வுக்கும் பார்வைக்கும் மின்நூல், அடிப்படைப் பாடநூலுக்கு அச்சு. மின்நூலை விலைக்கோ சந்தாவிலோ வாங்குவதானால், நிலையான உரிமை உண்டா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம், ஓர் இயலைத் தரவிறக்க முடியுமா, சந்தா நின்றால் என்ன எஞ்சும் என்பவற்றை விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்ற பிறகே நூலகக் குழு கையெழுத்திட வேண்டும்.