சனிக்கிழமை நான்கு மணி

என் தம்பிக்கு 36 வயதில் ஒரு நெருங்கிய நண்பன் கிடைத்தான். அந்த நண்பனுக்கு அப்போது வயது 12. இதைச் சொன்னவுடன் கேட்பவர் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாறுவதில் தப்பில்லை, என் முகமும் முதலில் மாறியது. ஐந்து வருடமாக அந்த நட்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில், இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. இரண்டு பேரிடமும் கேட்டு, சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

தம்பி கெட்டவன் இல்லை. குடி, கடன், வம்பு எதுவும் கிடையாது. ஆனால் எதிலும் நிலைத்து நிற்க மாட்டான். எட்டு வருடத்தில் ஆறு வேலை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை நல்லபடியாக வந்து, இரண்டு முறையும் அவனே நிறுத்தினான். ராத்திரி முழுக்க வீடியோ கேம், பகல் பதினொரு மணிக்குத்தான் எழுந்திருப்பது, என்ன கேட்டாலும் "பார்த்துக்கலாம் விடுக்கா". அம்மா போன பிறகு அந்தப் "பார்த்துக்கலாம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

பையன் தம்பி இருக்கும் அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே. அவனும் அம்மாவும் மட்டும். அந்த அம்மாவுக்கு ஷிஃப்ட் வேலை. வருட நடுவில் பள்ளி மாறி வந்தவன். வருட நடுவில் வகுப்புக்குள் நுழையும் பிள்ளையின் நிலைமை ஆசிரியர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை. பெஞ்சில் யார் பக்கத்தில் யார் என்பது எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். விளையாட்டுக்கு அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவது அவன்தான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கூப்பிடாமல் விடுவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஆய்வு சொல்கிறேன். 2003இல் வெளிவந்தது. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவருக்குக் கணினியில் பந்து எறியும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தைப் போட்டுக்கொள்ள, இவருக்கு வருவது நின்றுவிடும். அப்போது மூளையில் தூண்டப்பட்டது உடல்வலியோடு தொடர்புடைய ஒரு பகுதி. அவர்கள் பெரியவர்கள், விளையாடியது சில நிமிடம், பந்துகூட உண்மையான பந்து இல்லை. இந்தப் பையனுக்குத் தினமும் நடந்தது உண்மையான மைதானத்தில்.

அவர்கள் சந்தித்தது படிக்கட்டில். பையன் சாவியை மறந்துவிட்டு, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தம்பி கையில் ரூபிக்ஸ் க்யூப். ஏதோ வீடியோ பார்த்துவிட்டு இரண்டு நாளாக அதைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தான், ஒரு பக்கம்கூடச் சேரவில்லை. பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், முதல்ல வெள்ளை க்ராஸ் போடணும்" என்றானாம். தம்பி, "அங்கிள்னு கூப்பிட்டா பேச மாட்டேன். அண்ணான்னு சொல்லு" என்றானாம். முப்பத்தாறு வயது ஆள் பேசுகிற பேச்சா அது? ஆனால் அந்தப் பையன் அன்றைக்குத்தான் பல வாரம் கழித்து வீட்டுக்கு வெளியே சிரித்தான் என்று அவன் அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அப்புறம் பாடம் ஆரம்பித்தது. சொல்லிக்கொடுத்தது பையன், படித்தது என் தம்பி. முதல் அடுக்கு, நடு அடுக்கு, மேல் அடுக்கு. நடுவில் இருக்கிற கட்டம் எப்போதும் இடம் மாறாது, அதைப் பார்த்துத்தான் மற்றதை வைக்க வேண்டும். எப்படிக் கலைத்தாலும் 20 திருப்பத்துக்குள் சேர்த்துவிட முடியும் என்று 2010இல் கணினிகளை வைத்து நிரூபித்துவிட்டார்கள். இதெல்லாம் பன்னிரண்டு வயதுப் பையன் சொன்னவை. தம்பி தப்பாகத் திருப்பினால், "இல்லண்ணா, மறுபடி முதல்லேர்ந்து" என்பான், பொறுமையாக. ஒரு நாள் அவர்கள் அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளியில் வாயே திறக்காதவன் என்று சொல்லப்பட்ட பையன் இருபது நிமிடம் விடாமல் பேசினான்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. தனியாக இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் நாம் எல்லோரும் எதையாவது கொடுக்கத்தான் ஓடுகிறோம். அறிவுரை, பயிற்சி வகுப்பு, "நீயா போய்ப் பேசு" என்ற உபதேசம். அந்தப் பிள்ளையிடமிருந்து எதையாவது வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை. என் தம்பிக்குத் தோன்றியது. நல்ல எண்ணத்தால்கூட இல்லை. அவனுக்கு நிஜமாகவே க்யூப் வரவில்லை, தெரிந்தவன் அந்தப் பையன்தான். பொறுப்பான ஒரு பெரியவர் அந்தப் படிக்கட்டில் வந்திருந்தால், "சாவி இல்லையா, சாப்பிட்டியா, வீட்டுப்பாடம் முடிச்சியா" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார். நான் அப்படித்தான் கேட்டிருப்பேன். அவன் மூன்றுக்கும் தலையாட்டியிருப்பான்.

நட்பு ஒரு மாதம் ஆனபோது பையனின் அம்மா என்னிடம் வந்தார். "தப்பா நினைக்காதீங்க அக்கா. உங்க தம்பிக்கு என் பையன்கிட்ட என்ன வேணும்?" நேராக அப்படியே கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான், அவர் கேட்காமல் இருந்திருந்தால்தான் தப்பு என்று தெரிந்தது. பிள்ளைகளைச் சீரழிப்பவர்களில் பெரும்பாலோர் முன்பின் தெரியாதவர்கள் இல்லை, வீட்டில் நம்பிக்கையைப் பெற்றவர்கள். தனிமையில் இருக்கும் பிள்ளையைத்தான் அவர்கள் முதலில் தேடுவார்கள். ஆகவே "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை" என்ற என் சான்றிதழுக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. இருக்கவும் கூடாது.

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். படிக்கட்டு, மொட்டை மாடி, இல்லையென்றால் கதவு திறந்திருக்கும் வீடு, இங்கே மட்டும்தான் சந்திப்பது. வெளியே போவதென்றால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பரிசுப் பொருள் வேண்டாம். எல்லாவற்றையும்விட, இருவருக்குள் ரகசியம் என்று ஒன்று இருக்கக் கூடாது. "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு பெரியவர் பிள்ளையிடம் சொன்னால், அது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் அந்த இடத்திலேயே பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. தம்பிக்கு முகம் தொங்கிப்போனது. "என்னைச் சந்தேகப்படுறீங்களா?" என்றான். "ஆமா, சந்தேகப்படுறோம். அதுக்கு மேலேயும் வரணும்னா வா" என்றேன். வந்தான். இந்த நிபந்தனைகளைக் கேட்டு ரோஷப்பட்டு விலகுகிற ஆள் விலகட்டும், அந்தப் பிள்ளைக்கு அதுவே நல்லது.

எமி வெர்னர் என்ற உளவியலாளர் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார். அவர்களில் வறுமை, வீட்டில் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எல்லாவற்றையும் தாண்டி நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்தது என்னவென்றால், வாழ்க்கையில் ஒரு பெரியவராவது அவர்களை உறுதியாக ஏற்றுக்கொண்டிருந்தார். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். இதைப் படித்தபோது என் மனதில் ஓடியது ஒரே கேள்விதான். அந்த ஒருவர் என் தம்பி மாதிரி ஆளாக இருந்தால்?

பதில் ஒரு சனிக்கிழமை தெரிந்தது. சனிக்கிழமை நான்கு மணி என்பது அவர்கள் நேரம். அன்றைக்கு நான் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நான்கரை ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. "உள்ளே வாப்பா" என்றேன். "இல்ல ஆன்ட்டி, அண்ணா வந்துடுவாங்க" என்றான். இருட்டியதும் எழுந்து மேலே போய்விட்டான். தம்பி நண்பர்களோடு கிளம்பி வேறெங்கோ போயிருந்தான். போன் செய்து கத்தினேன். "சின்னப் பையன்கா, மறந்துடுவான்" என்றான்.

மறுநாள் அவன் மாடிக்குப் போய் "சாரிடா" என்று சொன்னபோது நானும் கூட இருந்தேன். பையன் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லண்ணா, எனக்கும் நேத்து வேலை இருந்துச்சு" என்றான்.

அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. இரண்டரை மணி நேரம் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் இந்தப் பொய்யை இவ்வளவு அழகாகச் சொல்ல வேண்டுமென்றால், அவன் இதற்கு முன் எத்தனை பேரிடம் சொல்லியிருக்க வேண்டும்! கீழே இறங்கி வரும்போது தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்ட அவன் கோபப்பட்டிருக்கலாம்கா" என்றான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

விளையாட்டுப் புத்தி ஒரு கதவைத் திறக்கும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திறந்துவிட்டு ஓடிப்போவது திறக்காமல் இருப்பதைவிட மோசம். இது என் அனுமானம் மட்டும் இல்லை. 1904இல் நியூயார்க்கில், சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்ட்டர், அங்கே வந்து நின்ற பையன்களுக்கு ஆளுக்கு ஒரு பெரியவர் துணையாக இருந்தால் போதும் என்று கேட்டு, சுமார் 40 ஆண்களைச் சேர்த்தார். அதிலிருந்து வளர்ந்த 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பைப் பற்றி 1995இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகளில், துணை கிடைத்தவர்களையும் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களையும் ஒன்றரை வருடம் ஒப்பிட்டார்கள். துணை கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போடுவதும் பாதியாகக் குறைந்திருந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்களைத்தான். ஆனால் அதே தகவலை வைத்து 2002இல் இன்னொரு ஆய்வு வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில், பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே முன்பைவிடக் குறைந்துபோயிருந்தது.

மூன்று மாதம். நல்லது செய்கிறேன் என்று உற்சாகமாகக் கிளம்புகிறவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் தாண்டுகிறோம்? தாண்ட முடியாது என்று தெரிந்தால் தயவுசெய்து தொடங்காதீர்கள்.

அந்த வாரம் தம்பி போனில் அலாரம் வைத்தான். சனிக்கிழமை மூன்றே முக்கால். அடுத்த வாரமும் போனான், அதற்கடுத்த வாரமும். காய்ச்சல் வந்தபோது முந்தின நாளே சொல்லிவிட்டான். சனிக்கிழமை வேலை இருக்கும் ஒரு இடத்தில், நான்கு மணிக்கு முன்பே விட்டுவிடும்படி முதலாளியிடம் பேசிவைத்தான். அந்த வேலையில்தான் இன்றுவரை இருக்கிறான், ஐந்தாவது வருடம்.

இதைக் கேட்டு, "பார், ஒரு குழந்தை அவனை மனுஷனாக்கிவிட்டது" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை. பெரியவர்களைத் திருத்துவது பிள்ளைகளின் வேலை இல்லை. ஒரு சமயம் தம்பி மனம் உடைந்து போயிருந்தான், காதல் விஷயம். அதை அந்தப் பையனிடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். பையன் பெரிய மனிதன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை என்கிட்ட அழு, ராத்திரி ரெண்டு மணிக்கு வேணும்னாலும் கூப்பிடு. அவன்கிட்ட அழாதே" என்றேன். அந்தப் பையன் ஏற்கெனவே வீட்டில் அம்மாவின் களைப்பைப் பார்த்துப் பார்த்துப் பேச்சைக் குறைத்துக்கொண்டவன். இன்னொரு பெரியவரின் பாரம் அவனுக்கு எதற்கு? தம்பி மாறினான் என்றால், தான் வராவிட்டால் வலிக்கும் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்து, அலாரம் வைத்து, மாறியது அவன். பையன் செய்ததெல்லாம் நண்பனாக இருந்தது மட்டும்தான்.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், நடுவயதில் மனிதனுக்கு அடுத்த தலைமுறைக்காக எதையாவது செய்யும் தேவை வரும், அது நிறைவேறாவிட்டால் தேங்கிப்போவான் என்றார். தேங்கிப்போனவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் கேட்பது "எப்போ செட்டில் ஆகப்போறே?" என்பதுதான். நானும் பத்து வருடம் என் தம்பியிடம் அதைத்தான் கேட்டேன். ஒரு தடவைகூட "உனக்காக யார் காத்திருக்கிறார்கள்?" என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. உண்மையில் யாரும் காத்திருக்கவில்லை. நான் உட்பட.

பையனுக்கு இப்போது 17. வகுப்பில் இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். போன வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தம்பி போன் செய்தான். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அக்கா, இன்னிக்கு அவன் வரலை."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"பசங்களோட விளையாடப் போயிருக்கான். வேலை இருக்குண்ணான்னு மெசேஜ் போட்டான். நிஜமாவே வேலை இருக்குக்கா அவனுக்கு."

"நீ என்ன பண்றே?"

"படிக்கட்டுலதான் உட்கார்ந்திருக்கேன். ஆறு மணி வரைக்கும் இருந்துட்டுப் போறேன். சீக்கிரம் முடிஞ்சு வந்தாலும் வருவான்ல."