பாசம் இல்லை, பாஸம்

ஊரிலிருந்து மெல்பர்ன் வந்திருந்த அம்மா மூன்றாம் நாள் ராத்திரி என்னை உலுக்கி எழுப்பினார். "டேய், ஓட்டு மேல எவனோ நடக்குறான்டா." செருப்புக் காலோடு நடப்பதுபோல் தம் தம்மென்று சத்தம். பின்னாலேயே தொண்டையைச் செருமும் ஒரு கர்ர்ர்.

"பாஸம்மா அது. பூனை சைஸுல, ராத்திரியில மரமேறித் திரியுற இந்த ஊர்ப் பிராணி."

"பாசமா? இதுக்கு யாருடா இந்தப் பேரு வச்சது? நம்மூரு மரநாய் மாதிரியில்ல இருக்கு" என்றவர் திரும்பிப் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார். நான்தான் விடிய விடிய முழித்துக் கிடந்தேன்.

மறுநாள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கூண்டு வைத்துப் பிடி, டிக்கியில் போடு, மலைப் பக்கம் கொண்டுபோய் விட்டுடு என்று ஆளாளுக்கு ஒரே பதில். போனில் விசாரித்த ஒரு பூச்சி மருந்துக்காரரும் ரொக்கமாகக் கொடுத்தால் அதையே செய்து தருவதாகச் சொன்னார். எரிச்சலே இதில்தான்.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1975 வனவிலங்குச் சட்டப்படி பாஸம் பாதுகாக்கப்பட்ட பிராணி. கூரைக்குள் புகுந்தது பிரஷ்டெயில் என்ற பெரிய வகைப் பாஸம் என்றால் கூண்டில் பிடிக்கலாம். ஆனால் அன்றைக்கே பொழுது சாயும்போது, பிடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள், அதே மனையில் விட்டுவிட வேண்டும். ரிங்டெயில் என்ற சின்ன வகை என்றால் கூண்டே கூடாது.

50 மீட்டரா, அதுக்கு எதுக்குப் பிடிக்கணும் என்று நானும் சிரித்தவன்தான். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. பாஸத்துக்கு எல்லை உண்டு. புதுக் காட்டில் ஒவ்வொரு பொந்திலும் ஏற்கெனவே ஒருத்தர் இருப்பார், அடித்துத் துரத்துவார். தரையில் இறங்கினால் நரி. இங்கே நம் கூரை காலியானதும் அடுத்த பாஸம் பால் காய்ச்சிக் குடிவரும். ஓட்டையை அடைக்காமல் பாஸத்தைக் கடத்தி என்ன பிரயோஜனம்?

(நியூசிலாந்துக்காரர்கள் விஷம் வைக்கச் சொல்வார்கள். அங்கே அது நியாயம். ரோம வியாபாரத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கொண்டுபோனது, அங்கே காட்டையும் பறவை முட்டையையும் தின்று தீர்க்கிறது, மாடுகளுக்குக் காசநோயும் பரப்புகிறது. இங்கே அது மண்ணின் மைந்தன்.)

இவ்வளவு பேசுகிற நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு மத்தியானம் ஏணி போட்டு, ஓட்டின் விளிம்பில் இருந்த ஓட்டையைப் பலகை வைத்து ஆணி அடித்தேன். பகலில் அது உள்ளேதான் தூங்கும் என்பது மண்டையில் ஏறவில்லை. அன்று ராத்திரி முழுக்கப் பிறாண்டல். சீலிங்கில் டீ கொட்டியதுபோல் ஒரு கறை விரிந்து, மூத்திர நாற்றம். ஒரு மணிக்கு செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறிப் பலகையைப் பிடுங்கினேன். ஒரு முழ தூரத்தில் இளஞ்சிவப்பு மூக்கு, கோலிக்குண்டுக் கண்கள். முதுகை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. மூன்று பேருமே அசையவில்லை.

அப்புறம்தான் ஒழுங்காக வேலை நடந்தது. முதலில் யூகலிப்டஸ் மரத்தில் உயரமாக ஒரு மரப்பெட்டி கட்டினேன். அந்த மரங்களில் பெரிய பொந்து விழவே நூறு வருஷத்துக்கு மேல் ஆகும், அதை நாம் வெட்டிவிட்டு வீடு கட்டினால் அதுவும் எங்கேதான் போகும். கூரையைத் தொட்ட கிளையைக் கழித்தேன். சாயங்காலம் ஓட்டை வாசலில் கோதுமை மாவு தூவினேன் (அம்மா: "சப்பாத்தி மாவைக் கொட்டுறியேடா!"). இருட்டியதும் குட்டியோடு வெளியே போனதைக் கண்ணால் பார்த்து, மாவில் வெளிப்பக்கம் போகும் கால்தடத்தையும் பார்த்த பிறகே கம்பிவலை அடித்தேன்.

பெட்டிக்குள் இப்போது ஒரு ஜோடி மைனா. 1860களில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட அதே நம்மூர் மைனாதான். பாஸம் பக்கத்து வீட்டுக் கிரேக்கத் தாத்தாவின் ஷெட்டுக்குப் போய்விட்டது. அவருடைய எலுமிச்சை மரத்தில் தோலை மட்டும் தின்றுவிட்டு உரித்த பழத்தை அப்படியே தொங்கவிட்டிருக்கிறது. நேற்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "உன்கிட்ட ஏணி இருக்குல்ல?"