'வாரம் இரண்டு மணி நேரம்' பற்றி ஒரு திருத்தம்

மேலே ஒருவர், "வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மரஞ்செடி நடுவே இருந்தால் சர்க்கரையும் பிபியும் சரியாகிவிடும், இங்கிலாந்தில் நிரூபித்துவிட்டார்கள், டெல்டாவில் கண்ணுக்கெட்டியவரை வயல்தான், நமக்குப் பூங்கா எதற்கு" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே பிசகு.

அந்த ஆய்வு 2019இல் வந்தது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டுத் திரட்டிய தகவல். வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்களில், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். சொன்னார்கள், அவ்வளவுதான். யாரும் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கவில்லை. நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே கிளம்புகிறார்களோ என்ற கேள்வியை ஆய்வாளர்களே ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு வசதி: ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டியதில்லை, துண்டு துண்டாகவும் சேர்க்கலாம்.

சரி, வயல். பச்சையைப் பார்ப்பதே ஓரளவு உதவும் என்று 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவைக்குப் பிறகு ஜன்னலில் மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாக வீடு திரும்பினார்கள். மொத்தம் 46 பேர்தான்.

ஆனால் தஞ்சாவூர் நகருக்குள் இருக்கும் என் அம்மா முட்டிவலியோடு வரப்பில் நடப்பாரா? ஒற்றை ஆள் அகலம், வழுக்கும், நிழல் கிடையாது, உட்கார ஒரு பெஞ்ச் இல்லை. போதாக்குறைக்கு முந்தின நாள்தான் மருந்து அடித்திருப்பார்கள். ஆற்றுப் பாசன வயலில் உளுந்தும் எடுத்தபின், சித்திரையில் வெடித்த கட்டாந்தரைதான் மிச்சம். அவர் போவது பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகங்கைப் பூங்காவுக்கு. மாத்திரையை நிறுத்தவில்லை.