போர்வெல் தண்ணீர் ரிப்போர்ட் கையில் வந்ததும் முதலில் கூட்டிப் பாருங்கள்

தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, பெரியபட்டினம், வாலிநோக்கம். பாக் நீரிணைப் பக்கமோ மன்னார் வளைகுடாப் பக்கமோ, நம் ராமநாதபுரம் கரையில் கிணறோ போர்வெல்லோ வைத்திருப்பவர் எல்லோரும் ஒரு தடவையாவது தண்ணீரை லேபில் கொடுத்திருப்பார்கள். ரிப்போர்ட் வந்ததும் கண் நேராக டி.டி.எஸ். வரிக்குத்தான் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) போகும். 500-க்குள் இருந்தால் நிம்மதி, 2000 தாண்டினால் கவலை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த ரிப்போர்ட்டை நம்பலாமா? அதற்கு இன்னொரு லேபுக்கு அலைய வேண்டாம். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

எப்படி என்றால், தண்ணீரில் கரைந்த உப்பு நேர், எதிர் மின்னூட்டம் உள்ள அயனிகளாகப் பிரிந்து நிற்கும். மின்னூட்டம் தேங்காய் மாதிரி. எண்ணித்தான் கொடுக்கலாம், எண்ணெய் மாதிரி அளந்து ஊற்ற முடியாது. ஓர் எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் (மின்னூட்டத்தின் அலகு). 2019 மே 20 முதல் இந்த எண்ணே வரையறை, அதில் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதையே 1 என்று எண்ணினால், சோடியம் அயனி நேர் 1, கால்சியம் நேர் 2, குளோரைடு எதிர் 1, சல்பேட் எதிர் 2. கால்சியம் 1.9 என்றோ 2.1 என்றோ எந்த ஊர்த் தண்ணீரிலும் கிடையாது. 1830-களில் விஞ்ஞானி ஃபாரடே மின்னாற்பகுப்பில் (கரைசலில் மின்சாரம் செலுத்திப் பிரிப்பதில்) கண்ட விகிதங்களுக்குள் இது ஒளிந்திருந்தது. 1909-ல் தொடங்கி இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் நிறுத்தி அளந்தபோது, ஒவ்வொரு துளியின் மின்னூட்டமும் ஒரே அலகின் முழு மடங்காக வந்தது. அவர் தந்த எண் இன்றைய மதிப்பைவிடச் சற்றுக் குறைவு, காற்றின் பாகுநிலைக்கு எடுத்த மதிப்பில் பிழை இருந்தது. ஆனால் முழு மடங்கு என்ற முடிவு அசையவில்லை. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் என்ற துகள்களுக்கு 2/3, 1/3 என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் தனித்த குவார்க்கை இதுவரை யாரும் பிடித்ததில்லை. புரோட்டானுக்குள் மூன்றாகச் சேர்ந்து 2/3 + 2/3 − 1/3 = 1 என்று முழுதாகத்தான் வெளியே தெரிகின்றன.

தண்ணீர் மொத்தத்தில் மின்னூட்டம் இல்லாதது. அப்படியானால் நேர் அயனிகளின் கணக்கும் எதிர் அயனிகளின் கணக்கும் சமமாகியே தீரவேண்டும். கடல் நீரிலேயே பார்க்கலாம். 35 கிராம் உப்புள்ள 1 கிலோ கடல் நீரில் சோடியம் 10.78 கிராம், மெக்னீசியம் 1.28, கால்சியம் 0.41, பொட்டாசியம் 0.40. மின்னூட்டக் கணக்கில் இவை மொத்தம் 605 மில்லிசமானம் (மின்னூட்டத்தை எண்ணும் அலகு, கணக்கிடும் முறை அடுத்த பத்தியில்). எதிர்ப்பக்கம் குளோரைடு 19.35 கிராம், சல்பேட் 2.71, சேர்ந்து 602. மீதியைப் பைகார்பனேட்டும் புரோமைடும் நிரப்பிவிடும். எடையில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒட்டவே ஒட்டாது. எண்ணிக்கையில் பார்த்தால் ஒட்டிவிடுகிறது. எனக்கு இது இன்றைக்கும் வியப்புதான்.

இனி உங்கள் ரிப்போர்ட். லிட்டருக்கு மில்லிகிராமில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அயனியின் எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணால் வகுக்க வேண்டும். கால்சியத்துக்கு 20.04, மெக்னீசியத்துக்கு 12.15, சோடியத்துக்கு 22.99, பொட்டாசியத்துக்கு 39.1. எதிர்ப்பக்கம் குளோரைடுக்கு 35.45, பைகார்பனேட்டுக்கு 61.02, சல்பேட்டுக்கு 48.03, நைட்ரேட்டுக்கு 62. உதாரணத்துக்கு ஒரு தண்ணீரில் கால்சியம் 120, மெக்னீசியம் 85, சோடியம் 420, பொட்டாசியம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்துக் கூட்டினால் 31.77. குளோரைடு 760, பைகார்பனேட் 340, சல்பேட் 190, நைட்ரேட் 15 என்றால் 31.21. வித்தியாசம் 0.56. அதை இரண்டின் கூட்டுத்தொகையான 62.98-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 0.9 சதவீதம். 5-க்குள் வந்தால் ஏற்கலாம். 10-ஐத் தாண்டினால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உப்பை வடிக்கும் ஆர்.ஓ. மெஷின் வாங்காதீர்கள், இறால் குட்டையில் தண்ணீரும் விடாதீர்கள்.

தவறு பெரும்பாலும் எங்கே நடக்கிறது என்றால், "கால்சியம் கார்பனேட்டாக" (அதாவது அந்தப் பொருளின் எடையாக மாற்றி) என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் இடத்தில். மேலே சொன்ன அதே தண்ணீரில் கால்சியம் கடினத்தன்மை 300 என்று வரும். அதைக் கால்சியம் என்றே எடுத்து 20.04-ஆல் வகுத்தால் நேர்ப்பக்கம் 40.75-க்கு ஏறி, பிழை 13 சதவீதமாகிவிடும். அப்படிப் போட்டிருந்தால் கடினத்தன்மையோ காரத்தன்மையோ, 50-ஆல் வகுக்க வேண்டும்.

இதைவிட மோசமானது இன்னொன்று. சோடியத்தை அளக்காமல், எதிர்ப்பக்கத்திலிருந்து மற்ற நேர் அயனிகளைக் கழித்து மீதியைச் சோடியம் என்று எழுதிவிடுவது. அப்போது கணக்கு அச்சு அசலாகச் சமமாகும், பிழை 0. அந்தச் சமத்துக்கு மதிப்பே இல்லை. சோடியத்தை ஃபிளேம் போட்டோமீட்டரில் (சுடரின் ஒளியை வைத்து அளக்கும் கருவி) அளந்தீர்களா என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. ஒவ்வொரு லேபும் இந்தச் சதவீதத்தை ரிப்போர்ட்டின் அடியிலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாதிரி எடுப்பதிலும் கணக்கு கெடும். மோட்டாரை 10 நிமிடமாவது ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரால் அலசி, காற்று இடமில்லாமல் வழிய வழிய நிரப்பி மூடுங்கள். இடைவெளி விட்டு வெயிலில் வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் அடியில் படிந்துவிடும். கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே குறைவதால் கூட்டல் சமமாகவே இருக்கும், எண்கள் மட்டும் பொய்யாகிவிடும்.

கணக்கு சரி என்றால், சோடியத்தின் மில்லிசமானத்தைக் குளோரைடின் மில்லிசமானத்தால் வகுத்துப் பாருங்கள். கடல் நீரில் அது 0.86. கடல் புதிதாக உள்ளே ஏறும்போது, களிமண் ஒரு கால்சியத்தை விட்டு இரண்டு சோடியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கு ஒன்றுதான், பேரமே கிடையாது. அதனால் விகிதம் 0.86-க்குக் கீழே போகும், கடினத்தன்மை ஏறும். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று வீட்டில் சொன்னால் அலட்சியம் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழை நல்ல தண்ணீரைத் தள்ளும்போது மாற்றம் தலைகீழாக நடந்து, விகிதம் 0.86-க்கு மேலே ஏறும். ஆகவே மே மாதம் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு மாதிரி கொடுத்தால்தான் கடல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும்.

கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் விற்பவர்கள் "உப்பை எடுத்துவிடும்" என்று சொல்லும்போதும் இதே கணக்கைப் போடுங்கள். அதிலுள்ள ரெசின் ஒரு கால்சியத்தை வாங்கிக்கொண்டு இரண்டு சோடியத்தை விடுகிறது. லிட்டருக்கு 120 மில்லிகிராம் கால்சியம் போனால் 138 மில்லிகிராம் சோடியம் வந்து சேரும். கடினம் குறையும், டி.டி.எஸ். துளிகூடக் குறையாது, கொஞ்சம் ஏறும். நம் கரைத் தண்ணீரில் சோடியம் ஏற்கெனவே அதிகம் என்பதால் ரெசின் பிடித்த கால்சியமும் ஓரளவு தப்பி வெளியே வரும். உப்பைக் குறைக்க வேண்டும் என்றால் ஆர்.ஓ.தான் வழி, அதில் கழிவாக வரும் உவர்நீரைக் கிணற்றுப் பக்கம் விடாதீர்கள்.