அவுட்புட் இம்பீடன்ஸ் கூடினால் எல்லா ஹெட்போனும் நல்லா பாடாது

அண்ணாச்சி, "ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் கூடக்கூட பேஸ் கனமா வரும், எந்த ஹெட்போனுக்கும் நல்லது"ன்னு போட்டிருக்கீங்க. 'எந்த ஹெட்போனுக்கும்'ங்கிறதுதான் தப்பு. அவுட்புட் இம்பீடன்ஸ்னா ஆம்ப்புக்கு (ஒலி சிக்னலைப் பெருக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கிற கருவி) உள்ளேயே இருக்கிற, ஓமில் அளக்கிற மின்தடை மாதிரி.

300 ஓம் டைனமிக் ஹெட்போனில் பேஸ் பக்கம் இம்பீடன்ஸ் ஏறும், அதனால அங்கே சத்தம் கொஞ்சம் கூடும். நீங்க கேட்டது அதுவாத்தான் இருக்கும். ஆனா பல டிரைவர் (ஒலி எழுப்புற குட்டி ஸ்பீக்கர்) வச்ச இயர்போனில் கதையே வேற. இயர்போனோட இம்பீடன்ஸ் ஒரு ஃப்ரீக்வன்சியில் 10 ஓம், இன்னொரு ஃப்ரீக்வன்சியில் 40 ஓம்னு வச்சுக்குவோம். ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால் முதலாவதுக்குப் பாதி வோல்டேஜ்தான் போகும், மற்றதுக்கு ஐந்தில் நாலு பங்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் 4 டெசிபெல். பாட்டோட நிறமே மாறிடும்.

தக்கலையில் நண்பர் வீட்டு டாக்-ஆம்ப்பை (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலா மாத்தி ஹெட்போனுக்குக் கொடுக்கிற பெட்டி) நானே அளந்தேன். 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, லோடு இல்லாம மல்டிமீட்டரில் 1.00 வோல்ட். வடசேரியில் வாங்கின 33 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே பிடிச்சதும் 0.76க்கு இறங்கிச்சு. கணக்குப் போட்டா சுமார் 10 ஓம். டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது, 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்னு டிஜிட்டல் பக்கத்து எண்கள் மட்டும் பெரிய எழுத்து.

ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள்ள ஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸ் இருக்கணும்ங்கிறது பொதுவான கணக்கு. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். மார்த்தாண்டத்தில் புதுசா ஆம்ப் வாங்கப் போறதா கேட்ட தம்பி, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த எண்ணைக் கேளுங்க.